பொதுச்சுவர்

மாடி அறைச் சுவரில் ஓதம் ஏறியிருப்பதை முதலில் பார்த்தது என் மகள்தான். அவளுக்கு அப்போது ஏழு வயது. "அம்மா, சுவத்துல மேப் வந்திருக்கு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, கூரையிலிருந்து ஒரு முழம் இறங்கி, பழுப்பு ஓரங்களோடு ஒரு கறை. விரலை வைத்தேன், ஈரம். பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருந்தது. 2019 ஜூலை மாதம். அந்த வாரம் முழுக்க சாயங்காலமானால் இடிமழை.

எங்கள் கூரைக்குத் தார் பூசி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பூசிய ஆளையே கூப்பிட்டேன். ஏணி வைத்து ஏறிப் பார்த்தவர் அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்து, "உங்கள் கூரையில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில்தான் பெரிய ஓட்டை. நான் அதற்குள் எட்டிப் பார்த்தேன், கீழ்த்தளம் வரை தெரிகிறது" என்றார்.

பக்கத்து வீடு நாங்கள் குடிவந்த 2016-லேயே பூட்டித்தான் கிடந்தது. பூட்டி என்று சொல்வதும் தப்பு, பூட்டே இல்லை. முன்கதவுக்கும் ஜன்னலுக்கும் ப்ளைவுட் பலகை அடித்திருந்தார்கள். இப்படிக் கிடக்கும் வீடுகளை நாங்கள் இருக்கும் அமெரிக்க நகரமான பால்டிமோரில் 'வேகன்ட்' என்று ஒரே சொல்லில் சொல்வார்கள். "அது வீடு இல்லை, வேகன்ட்" என்பார்கள். வீடு வாங்கும்போது தரகர் அந்தப் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை. விலை மலிவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எங்களுக்கும் தெரியும். காலியாக இருக்கிற வீடு நம்மை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த நான் அப்படி நினைத்திருக்கக் கூடாது. எங்கள் தெருவிலும் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டித்தான் நிற்கும். இந்தப் பக்கத்துச் சுவர் நமக்கும் அண்ணன் வீட்டுக்கும் பொது, அந்தப் பக்கத்துச் சுவர் நமக்கும் டீச்சர் வீட்டுக்கும் பொது. அதில் ஆணி அடிப்பதானாலும் சொல்லிவிட்டுத்தான் அடிப்போம். பால்டிமோரின் பழைய தெருக்களும் அதே மாதிரிதான். தெரு நெடுக ஒரே கூட்டாகச் செங்கல் வீடுகள், நடுவில் ஒரு விரல் இடைவெளி கிடையாது. எங்கள் வீட்டின் அகலம் பதினான்கு அடி. சந்துப் பக்கம் பன்னிரண்டு அடி வீடுகளும் உண்டு. திண்ணை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வெள்ளைப் பளிங்குப் படிகள். அந்தக் கல் நகரத்துக்கு வடக்கே காக்கீஸ்வில் சுரங்கத்திலிருந்து வந்தது. வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் அங்கிருந்துதான் கல் போயிருக்கிறது. சனிக்கிழமை காலையில் அந்தப் படிகளைத் தேய்த்துக் கழுவுவது இந்த ஊர்ப் பெண்களின் பழக்கம். எதிர் வீட்டு அம்மா எண்பது வயதைத் தாண்டியும் விடாமல் தேய்த்தார். இங்கே வயதான பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். என் மகள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் இங்கே 'எதிர் வீட்டு அம்மா' என்றே எழுதுகிறேன்.

கூரைக்காரர் சொல்லி அனுப்பிய கொத்தனார்தான் எனக்கு அந்தச் சுவரைப் புரியவைத்தார். இரண்டு வீட்டுத் தரையையும் தாங்கும் மரச்சட்டங்கள் ஒரே பொதுச்சுவரில்தான் குழி எடுத்துச் செருகியிருக்கும். அந்தப் பக்கம் கூரை போய்விட்டால் மழை நேராகச் சட்டத்தின் முனையில் இறங்கும். மரம் ஊறி, மக்கி, தளர்ந்து ஒருநாள் கீழே விழும். விழும்போது சுவரையும் நெம்பிக்கொண்டு போகும். தெருப் பக்கம் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் நல்ல செங்கல். உள்ளே, பொதுச்சுவரில் வைப்பது சரியாக வேகாத, இளஞ்சிவப்பான மலிவுச் செங்கல். அது வெளிக்காற்றைப் பார்ப்பதற்காக வைத்ததே இல்லை. "பக்கத்து வீட்டை இடித்தாலும் உங்களுக்குச் சிக்கல்தான். அந்தச் சுவர் திறந்த வெளியில் நிற்க வேண்டி வரும், பூச்சு கொடுக்காமல் விட்டால் கரைந்துவிடும்" என்றார். இந்த வீடுகளின் கூரை பின்பக்கம் சரிவாக இருக்கும். அதனால் முதலில் பின்சுவர்தான் போகுமாம். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீடு முழுசாகத் தெரியும். சந்துக்குள் போய்ப் பார்த்தால்தான் பின்சுவரே இல்லை என்பது தெரியும்.

நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்துக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டாம் மாடி ஜன்னல் இருந்த இடத்திலிருந்து ஒரு மரம் வெளியே சாய்ந்து வளர்ந்திருந்தது. ஐலாந்தஸ். நம்மூரில் பெருமரம் என்போமே, தீப்பெட்டிக் குச்சிக்கு வெட்டுவார்களே, அதற்குச் சீனத்துச் சொந்தம். சுவர் இடுக்கில் ஒரு பிடி மண் கிடைத்தால் போதும். நம்மூர்ச் சுவரில் அரசங்கன்று என்ன வேலை செய்யுமோ, அதையே இது இங்கே செய்கிறது.

அடுத்து, சொந்தக்காரர் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

மேரிலாந்து மாநிலத்தில் எந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். முகவரியைத் தட்டினேன். ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தது, பெயர் என்றுகூடச் சொல்ல முடியாது, தெருப் பெயரோடு இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும். வேறொரு மாநிலத்தில் தபால் பெட்டி. ஏல விற்பனையில் சில ஆயிரம் டாலருக்கு வாங்கியிருக்கிறார்கள். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். சுவரின் புகைப்படத்தையும் கொத்தனார் போட்டுக் கொடுத்த மதிப்பீட்டையும் வைத்து, 'தயவுசெய்து கூரையை மூடுங்கள், செலவில் பங்கு கேட்டாலும் பேசலாம்' என்று எழுதினேன். ஐந்து வாரம் கழித்து உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. இன்றைக்கும் அந்த உறையை வைத்திருக்கிறேன். என் வீட்டின் ஒரு சுவரில் பாதிக்குச் சொந்தக்காரரான ஒருவருக்கு முகமும் இல்லை, வீட்டு வாசலும் இல்லை. கோபப்படவாவது ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

பதிவு என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பால்டிமோர் நகரச் சட்டப்படி, சொந்தக்காரர் தான் குடியிருக்காத வீட்டை, அது வாடகைக்கு விட்டதானாலும் காலியாகக் கிடப்பதானாலும், வருடாவருடம் நகர வீட்டுவசதித் துறையில் பதிவு செய்ய வேண்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண் தர வேண்டும். நிறுவனமானால் பொறுப்பான மனிதர் யார் என்று சொல்ல வேண்டும். முன்பு எனக்கு இதெல்லாம் வெறும் கட்டணம் வசூலிக்கும் வழியாகத்தான் தெரிந்திருக்கும். கடிதம் திரும்பி வந்த பிறகு அப்படித் தெரியவில்லை. சுவர் நனைகிறவள் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட ஒரு எண். அதற்குத்தான் அந்தச் சட்டம். எங்கள் பக்கத்து வீட்டுக்கு அந்தப் பதிவும் இல்லை.

311-க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். நகரத்துக்கு அவசரமில்லாத எதையும் அந்த எண்ணில் சொல்லலாம். ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுக்காரர், தலையில் தொப்பி, பாக்கெட்டில் டார்ச். முன்னால், பின்னால், எங்கள் மாடிக்கு வந்து உள்ளே என்று படம் எடுத்தார். பத்து நாளில் கதவுப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். காலிக் கட்டட நோட்டீஸ்.

இந்த நோட்டீஸைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம்மவர்கள் பலர் இங்கே முதலீடு என்று சொல்லி இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்காமலே வாங்குகிறார்கள். ஆள் இல்லை என்பதற்காக மட்டும் இந்த நோட்டீஸ் வராது. வருடத்தில் பத்து மாதம் பூட்டி வைத்திருந்தாலும் கூரையும் கதவும் ஒழுங்காக இருந்தால் இந்த நோட்டீஸுக்கு வேலை இல்லை. ஆளும் இல்லாமல், குடியிருக்கத் தகுதியும் இல்லாமல் அல்லது ஆபத்தாகவும் இருந்தால்தான் வரும். வந்துவிட்டால் பலகை அடித்து மூடிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வீட்டை முழுக்கச் சரிசெய்து குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் இடிக்க வேண்டும். நடுவில் விற்றால் நோட்டீஸும் வீட்டோடு சேர்ந்து வாங்குகிறவர் தலையில் ஏறும். செய்யாவிட்டால் 900 டாலர் அபராதச் சீட்டு. நகரமே ஆள் அனுப்பிக் குப்பை அள்ளி, பலகை அடித்தால் அந்தச் செலவு வீட்டின் மேல் கடனாக ஏறும்.

இது எதற்கும் அசையாத சொந்தக்காரருக்கு நகரம் வைத்திருக்கும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நகரம் நீதிமன்றத்துக்குப் போய், 'இந்த வீட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள்' என்று கேட்கலாம். சொந்தக்காரருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல, திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. அவர் வரவே இல்லை என்றால் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் வீட்டை ஏலம் விடுவார். அந்த ஏலத்தில் பணம் இருக்கிறவர் எல்லாரும் கேட்க முடியாது. வீட்டைச் சரிசெய்ய வசதியும் அனுபவமும் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். 2010-இல் அப்போதைய மேயர் ஸ்டெஃபனி ராலிங்ஸ் ப்ளேக் இந்த வழியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டு ஒரு திட்டமாகவே நடத்தினார். ஒரு தெருவில் பாதிக்கு மேல் வீடுகளில் ஆள் இருந்தால், மிச்சம் கிடக்கும் இரண்டு மூன்று வீடுகளை இப்படி மீட்டுவிட முடியும் என்பது அதன் கணக்கு. எங்கள் தெரு அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தியது. முழுத் தெருவும் காலியாகிவிட்ட மேற்குப் பகுதிகளில் இது அவ்வளவு எளிதாக நடக்காது. அங்கே ஏலத்துக்கு வந்து கேட்க யாரும் இல்லை.

இங்கிருந்து காரில் வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன். அந்தச் சின்ன ஊர் 2003-இல் ஒரு சட்டம் போட்டது. வீடு எத்தனை வருடமாகக் காலியாகக் கிடக்கிறதோ அத்தனைக்கத்தனை பதிவுக் கட்டணம் ஏறும். ஒரு வருடமானால் 500 டாலர், பத்து வருடமானால் 5,000 என்று அந்தச் சட்டத்தில் வைத்தார்கள். கொடுத்துக்கொண்டே சும்மா வைத்திருப்பதைவிடச் சரிசெய்வதோ விற்பதோ லாபம் என்று சொந்தக்காரர்களுக்கே தோன்றிவிடும். எங்கள் ஊரிலும் இப்படி இருந்திருக்கலாமே என்று அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்ததுண்டு. 2024-இல் மேரிலாந்து சட்டசபை, கைவிட்ட வீடுகளுக்குத் தனியாகக் கூடுதல் சொத்து வரி போட உள்ளாட்சி அமைப்புகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். வரவேற்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காக நகரம் போட்ட வழக்குக்குத் தேதி வரும் நேரத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நீதிமன்றங்கள் மூடின. ஓதம் மூடவில்லை. அந்த இரண்டு மழைக்காலத்திலும் மகளின் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டேன். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் செய்ய முடிந்தது, பூச்சைச் சுரண்டிவிட்டு மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைப்பது ஒன்றுதான். இரவில் சில சமயம் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழும் சத்தம் கேட்கும். காரையா, சட்டமா, ஆளா என்று தெரியாது. குளிர்காலத்தில் ஆட்களும் வந்து தங்கினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே குளிர், பின்சுவர் திறந்து கிடக்கிறது, யாரானாலும் நுழைவார்கள். ஆனால் ஒருநாள் புகை வாசனை வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் பனியில் வந்து நின்றேன். தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே ஒரு டப்பாவில் யாரோ குளிர்காய்ந்திருக்கிறார்கள், அணைத்துவிட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்த இளைஞனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். "இந்தத் தரை எங்களையே தாங்குமா என்று தெரியாமல்தான் உள்ளே போனோம்" என்று தன் கூட்டாளியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பதினோரு மாதம் கழித்து, 2022 ஜனவரி 24, திங்கட்கிழமை. நகரத்தின் மறுபக்கம், சவுத் ஸ்ட்ரிக்கர் தெருவில், இதே மாதிரி ஒரு காலி வரிசை வீட்டில் அதிகாலையில் தீ. உள்ளே போன தீயணைப்பு வீரர்கள்மேல் வீடு சரிந்தது. பால் பட்ரிம், கெல்சி சாட்லர், கென்னி லகாயோ மூவரும் இறந்தார்கள். நான்காவது வீரரை உயிரோடு மீட்டார்கள். அதே வீட்டில் 2015-லேயே ஒரு தீ விபத்து நடந்து, அதிலும் மூன்று வீரர்கள் காயமடைந்திருந்தார்கள். ஏழு வருடம் அது அப்படியே நின்றிருக்கிறது. ஆய்வகத்தில் வேலைக்கு நடுவே செய்தியைப் பார்த்தேன். என் கை நடுங்கியது. பனியில் எங்கள் வாசலில் நின்ற அந்த இளைஞன் முகம்தான் கண்முன் வந்தது. 1999 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஊஸ்டர் நகரத்தில் ஒரு காலிக் குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்து ஆறு வீரர்கள் செத்தார்கள் என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். உள்ளே வீடில்லாதவர்கள் இருக்கலாம் என்று தேடப் போனவர்கள் வழி தெரியாமல் சிக்கிக்கொண்டார்கள். அவர்கள் தேடிப் போனவர்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள்.

காலி வீடு அதன் சொந்தக்காரருடைய விஷயம், அவர் வரி கட்டுகிறார், நமக்கென்ன என்று யாராவது சொன்னால் இந்த மூன்று பெயர்களைத்தான் நான் சொல்வேன். அந்தத் தீக்குப் பிறகு, உள்ளே போகவே கூடாத கட்டடங்களின் முன்சுவரில் வீரர்களுக்குத் தெரியும்படி சிவப்பு அடையாளம் வைக்கும் வேலையை நகரம் மறுபடி கையிலெடுத்தது. எங்கள் பக்கத்து வீட்டிலும் வைத்தார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்கும் வருமா?" என்று கேட்டாள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எதிர் வீட்டு அம்மா. நோட்டீஸ் ஒட்டிய அன்று நான் சந்தோஷமாக அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் மலரவில்லை. இரண்டு தெரு தள்ளி அவருடைய அக்கா வீடும் இப்படித்தான் கிடந்தது. அக்கா இறந்து, உயில் எழுதாமல் போய், பிள்ளைகள் நான்கு பேர் நான்கு ஊரில். ஒருவர் பெயருக்கு மாற்ற வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. வீடு இன்னும் இறந்தவர் பெயரிலேயே. அபராதமும் கடனும் ஏறி ஏறி, வீட்டின் விலையையே தாண்டிவிட்டது. "அந்த வீட்டை என் அக்கா முப்பது வருடம் துணி ஆலையில் வேலை செய்து வாங்கினாள். கறுப்பர்களுக்குக் கடனே கொடுக்காத காலத்தில்" என்றார். அது உண்மை. 1910-இலேயே எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்ட நகரம் இது. 1930-களில் கடன் கொடுக்கக் கூடாத பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து வரைபடம் போட்டார்கள். 1950-இல் இங்கே 9,49,708 பேர் இருந்தார்கள். 2020-இல் 5,85,708. எஃகு ஆலை போனது, கப்பல் வேலை போனது, புறநகருக்குப் போக முடிந்தவர்கள் போனார்கள். போனவர்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? 16,000-ஐ ஒட்டி வெகுகாலம் நின்ற காலி வீடுகளின் கணக்கு 2024-இல்தான் 13,000 அளவுக்கு இறங்கியது. 2023 டிசம்பரில் மேயர் பிராண்டன் ஸ்காட், பதினைந்து வருடம், 300 கோடி டாலர் என்று ஒரு திட்டம் அறிவித்தார்.

தபால் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் நிறுவனத்தையும், அம்மா செத்துப்போய்ப் பத்திரம் சிக்கிக்கொண்ட நான்கு பிள்ளைகளையும் ஒரே தாளால் அடிக்கக் கூடாது. முதலாவதுக்குக் கட்டணம் இன்னும் கடுமையாக ஏறட்டும். இரண்டாவதுக்கு முதலில் ஒரு வக்கீலை இலவசமாகக் கொடுத்துப் பத்திரத்தை நேர்செய்து தர வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கும் பதிவேடு வேண்டும். யார் என்று தெரிந்தால்தானே யாருக்கு எது என்று முடிவு செய்ய முடியும்?

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. 2021 ஐப்பசியில் கும்பகோணத்திலிருந்து பக்கத்து வீட்டு அண்ணி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒன்னும் தப்பா எடுத்துக்காத. உங்க வீட்டுக் கூடத்து ஓடு சரிஞ்சு போச்சு. மழைத் தண்ணி எங்க ரேழிச் சுவத்துல இறங்குது. அண்ணன் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. புள்ள தூர தேசத்துல இருக்கு, ஏன் சங்கடப்படுத்துறன்னு. எனக்குத்தான் மனசு கேக்கல."

படம் அனுப்பியிருந்தார். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் பழுப்பு ஓரம் கட்டி ஒரு கறை. பார்த்ததும் எங்கள் மாடி அறையோ என்று ஒரு கணம் மயங்கினேன். அடுத்த படத்தில் கொல்லைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அரசங்கன்று.

அப்பா 2014-இல் போனார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். வீடு தாத்தா பெயரில். அப்பாவுக்கும் அத்தைக்கும் பாகம் பிரிக்கவே இல்லை. அத்தை திருச்சியில், தம்பி புனேயில், நான் இங்கே. அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரியை தம்பி ஆன்லைனில் கட்டிவிடுவான். அத்தோடு எங்கள் கடமை முடிந்தது என்று ஏழு வருடமாக இருந்திருக்கிறோம். அண்ணன் சுவர் நனைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் அவரிடம் சொல்லிவிட்டு வரவில்லை. அண்ணி என் எண்ணை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார். அன்றைக்கு நான் தம்பியைக் கூப்பிட்டு அழுதுவிட்டேன். பிரிக்காமல் திரும்பி வந்த அந்த உறை மேசை இழுப்பறையில் இருந்தது. அதில் எழுதியிருந்த வாசகங்கள் எல்லாம் அண்ணன் எனக்கு எழுதியிருக்க வேண்டியவை.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனேன். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம், பட்டா மாறுதல், பத்திர எழுத்தர் என்று ஐந்து வாரம். அத்தை எழுபத்தெட்டு வயதில் திருச்சியிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். "இந்த வீட்டை இப்படிப் பார்க்க வேண்டாம்னுதான் நான் வராமலே இருந்தேன்" என்று கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டைப் பிரித்து, செல்லரித்த ரீப்பரை மாற்றி, மறுபடி வேய்ந்தோம். அரசங்கன்றை வேரோடு எடுக்க அண்ணன் வீட்டுப் பக்கச் சுவரையும் இரண்டடி பிரிக்க வேண்டியிருந்தது. அதை நாங்களே கட்டிக் கொடுத்தோம். அண்ணன் செலவு எதையும் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அவர் இல்லாத நேரம் பார்த்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாவி ஒன்று அவர்களிடம். வாசல் கதவில் என் பெயர், தம்பி பெயர், இரண்டு எண்கள் எழுதி ஒரு தகடு அடித்தேன். எந்தச் சட்டமும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

நான் திரும்பி வந்தபோது இங்கே ஏலம் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டை எடுத்தது வீடுகளைச் சரிசெய்து விற்கும் ஒரு கணவன் மனைவி. முதல் வேலையாக மரத்தை வெட்டினார்கள். மழைக்கு முன்னால் கூரை போட்டார்கள். பொதுச்சுவரில் பழைய சட்டக் குழிகளை அடைத்துவிட்டு, புதுச் சட்டங்களைச் செருகினார்கள். அதற்கு முன்பு எங்கள் கதவைத் தட்டி, "நாளைக்கு உங்கள் சுவரில் வேலை செய்யப் போகிறோம், சத்தம் இருக்கும்" என்று அவர்களில் ஒருவரே வந்து சொன்னார். எட்டு வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து எங்களிடம் பேசியது அதுதான் முதல் தடவை. உள்ளே கூப்பிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தேன். 2024 மே மாதம் குடியிருப்பு அனுமதிச் சீட்டை ஜன்னலில் ஒட்டினார்கள். ஆகஸ்டில் ஒரு செவிலியர் தன் அப்பாவோடு குடிவந்தார். ராத்திரி மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறது. எதிர் வீட்டு அம்மா அவரைக் கூப்பிட்டு, பளிங்குப் படியை எந்தக் கல்லால் தேய்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறார். அவருடைய அக்கா வீடு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. பிள்ளைகளில் மூத்தவருக்கு ஒரு இலவசச் சட்ட உதவி கிடைத்திருக்கிறது. வழக்கு எண்ணை நானும் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் சுவர் காய ஒரு வருடம் பிடித்தது. பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல் மூச்சு விடட்டும் என்று கொத்தனார் திறந்தே போடச் சொன்னார். போன மாதம்தான் சுண்ணாம்புப் பூச்சுப் பூசினோம். மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. கட்டிலை மறுபடி அந்தச் சுவரோரம் போடலாமா என்று கேட்டால், இன்னும் யோசிக்கிறாள்.

நேற்று அண்ணி குரல்பதிவு அனுப்பியிருந்தார். "பாப்பா, ராத்திரி பூரா மழை. காலையில சாவி எடுத்துட்டுப் போயி உள்ள பாத்துட்டு வந்துட்டேன். கூடத்துல ஒரு சொட்டு இல்ல. எங்க ரேழிச் சுவருதான் இன்னும் ஓதம் காயல. தை பொறக்கட்டும், வெயில் அடிச்சதும் பாத்துட்டு அண்ணனைப் பேசச் சொல்றேன்."